தள்ளினால் ஓடும் சீமைக் கார்

பாலக்கோட்டில் வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடத்தில், குழாயில் தண்ணீர் வருமா, கொல்லைப்பக்கம் உண்டா என்றெல்லாம் கேட்க வேண்டிய என் வீட்டுக்காரர், சட்டைப் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்துத் தெரு நடுவில் வைத்தார். வீட்டுச் சொந்தக்காரர் ஏதோ மாந்திரீக சமாச்சாரம் என்று நினைத்து இரண்டடி பின்னால் போய்விட்டார். பழம் சற்று யோசித்துவிட்டு மெள்ள உருள ஆரம்பித்தது. உருண்டு உருண்டு தெருக்கோடி வரை போனது. இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "வூடு புடிச்சிருக்குதுங்க" என்றார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எங்களிடம் இருந்த கார், சாவியைத் திருப்பினால் கிளம்பாது. இறக்கத்தில் உருட்டிவிட்டால் கிளம்பும். அதனால் எங்களுக்கு வீடு என்றால் இறக்கமான தெருவில் இருக்கும் வீடு. கோயிலுக்குப் போனாலும், கல்யாணத்துக்குப் போனாலும் முதலில் மேடு தேடி, வண்டியின் மூக்கு கீழே பார்க்கிற மாதிரி நிறுத்திவிட்டுத்தான் இறங்குவோம். தர்மபுரி ஜில்லாவில் எந்த ஊரில் எந்தத் தெரு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். சமதரையில் கட்டிய மண்டபத்தில் கல்யாணம் வைக்கும் சொந்தக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் வரும்.

அவர் கருகிப்போன கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். எண்பதுகளில் எங்கள் பக்கம் கிணற்றுத் தண்ணீரெல்லாம் கீழே போய்க்கொண்டே இருந்த காலம். மோட்டார்கள் கருகிக்கொண்டே இருந்தன, கடை நன்றாக ஓடியது. நான் மாரண்டஹள்ளியைத் தாண்டி, மலை அடிவாரத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலையில் ஒரு பஸ் உண்டு. அது வரும் நாள் வரும். 'அவளுக்காகத்தான் கார் வாங்கினேன்' என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சுத்தப் பொய். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவருக்கு அந்தச் சீமைக் கார்கள் மேல் பைத்தியம். எனக்கும் சேர்த்துப் பிடிக்கவைத்துவிட்டார், அதுதான் உண்மை.

அந்தப் பத்து வருஷத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கார்கள் எங்களிடம் இருந்தன. மூன்றும் இங்கிலாந்தில் பிறந்தவை, மூன்றும் என்னைவிட மூத்தவை. துரைகளிடம் இருந்து, டாக்டர்களிடம் இருந்து, பிறகு யார் யாரிடமோ இருந்து, கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தவை. கம்பெனிப் பேர்களை எழுதப்போவதில்லை. செய்தவர்கள் நன்றாகத்தான் செய்திருப்பார்கள். குளிர் நாட்டில் ஓடுவதற்கென்று செய்த ஒன்றை வாழ்நாள் முழுக்க வெயிலில் ஓட்டி, கடைசிக் காலத்தில் எங்கள் ஊர்ப் புழுதியிலும் ஓட்டினால், அது என்னதான் செய்யும்.

முதல் கார் கறுப்பு, குண்டு. கதவுகள் பின்பக்கமிருந்து திறக்கும். நான் இறங்கும்போது தெருவே பார்க்கும். திரும்புவதற்கு விளக்கு எரியாது. கதவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு சின்னக் கை வெளியே நீளும். நீண்ட கை பல சமயம் உள்ளே போகாது. மாரண்டஹள்ளி வரைக்கும் இடது பக்கம் கை காட்டிக்கொண்டே நேராகப் போவோம். இரண்டாவது கார் பச்சை. முன்னால் மரப்பலகை, அதில் கண்ணாடி போட்ட வட்டங்கள். எந்த முள்ளும் நகராது. மழை வந்தால் உள்ளே குடை பிடிக்க வேண்டும். நான் பிடிப்பேன், அவர் ஓட்டுவார். மூன்றாவது சாம்பல் நிறம். காலடியில் ஒரு ஓட்டை. அதன் வழியே ரோடு ஓடிக்கொண்டிருப்பது தெரியும். அதையே பார்த்துக்கொண்டிருந்தால் நாம் நகரவில்லை, பூமிதான் எங்கேயோ அவசரமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று தோன்றும். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த ஓட்டையைப் பார்த்தபடியே அரைத் தூக்கத்துக்குப் போய்விடுவேன். தோல் இருக்கையில் வெயில் ஏறிய வாசனை, பெட்ரோல் வாசனை, புளியமரத்து நிழலும் வெளிச்சமும் மாறி மாறிக் கண் இமைமேல் விழுவது. இப்போதும் தூக்கம் வராத மத்தியானங்களில் கண்ணை மூடி அந்த இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்வேன்.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள் போட வேண்டும். பெட்ரோல் டேங்க் கசிந்தால் சலவைச் சோப்பைக் குழைத்து அப்ப வேண்டும். இதெல்லாம் அப்போது எல்லா டிரைவர்களுக்கும் தெரிந்த வைத்தியம். என் சமையலறையில் பாதி சாமான் காருக்குள் குடியிருந்தது. "கொழம்புல போட மஞ்சளு இல்ல, காருக்கு மட்டும் இருக்குதா?" என்று என் மாமியார் ஒருநாள் கேட்டார். "காருக்குக் காய்ச்சல்மா" என்றார் இவர். மாமியார் சிரிக்கவில்லை.

இப்படிப்பட்ட வண்டிகளோடு எதற்கு மாரடித்தாய் என்று என் தங்கை கேட்பாள். அவளிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

வண்டி நின்றுவிட்டால் ஒருவர் பின்னால் தள்ள வேண்டும், ஒருவர் ஸ்டியரிங்கில் உட்கார வேண்டும். சேலை கட்டிய பொம்பளை நடுரோட்டில் கார் தள்ளினால் ஊர் என்ன பேசும் என்று அவருக்குக் கவலை. அதனால் தள்ளுவது அவர், உட்காருவது நான். கிளட்சை மிதித்துக்கொண்டு, இரண்டாவது கியரில் போட்டு, சாவியைத் திருப்பி வைத்துக் காத்திருப்பேன். வண்டி உருள ஆரம்பித்து வேகம் பிடிக்கும்போது பின்னாலிருந்து "விடு" என்று கத்துவார். காலை எடுப்பேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, தும்மி, உயிர் வந்து ஓட ஆரம்பிக்கும். அந்தக் குலுக்கல் என் காலில் தொடங்கி வயிறு வரைக்கும் வரும். ஒரு பெரிய மிருகம் என்னால் எழுந்துகொண்ட மாதிரி இருக்கும். கொஞ்ச தூரம், இரண்டு மூன்று புளியமரம் தாண்டும் வரை, நான்தான் ஓட்டுவேன்.

அப்புறம் அவர் மூச்சிரைக்க ஓடி வந்து கதவைத் திறந்து, "தள்ளி உக்காரு" என்பார். கியர் குச்சியில் சேலை மாட்டாமல் அந்தப் பக்கம் நகர்ந்துகொள்வேன். அவ்வளவுதான் என் ராஜ்யம்.

'இன்னும் கொஞ்ச தூரம் நானே ஓட்டட்டுங்களா' என்று ஒருமுறை கேட்டேன். அவர் கோபப்படவில்லை, கிண்டலும் செய்யவில்லை. குழந்தை நிலாவைக் கேட்டது போலச் சிரித்துவிட்டு, "பாத்துக்கலாம்" என்றார். எங்கள் ஊரில் 'பாத்துக்கலாம்' என்றால் இந்த ஜென்மத்தில் இல்லை என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் அப்போது டிராக்டர் மேல் உட்கார்ந்து போகும் பெண்கள் உண்டு, கார் ஓட்டும் பெண்ணை நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஆனால் தினமும் காரில் ஏறியவுடன், இன்றைக்கு வண்டி எங்கேயாவது நிற்கட்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொள்வேன். பக்கத்தில் அவரோ வண்டி ஓடட்டும் என்று வேண்டிக்கொண்டிருப்பார். என் வேண்டுதல்தான் அதிகம் பலித்தது.

இதில் இன்னொரு லாபமும் இருந்தது. பக்கத்து இருக்கையில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் அவர் கையையும் காலையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கே கியரை மாற்றுகிறார், ரிவர்ஸ் போடக் குச்சியை எப்படித் தூக்கி இழுக்கிறார், மேட்டில் எப்போது மூச்சுப் பிடிக்கிறார், எல்லாம். புருஷனை இவ்வளவு கவனமாகப் பார்க்கும் பெண்டாட்டி என்று அவருக்குப் பெருமைகூட இருந்திருக்கலாம்.

மூன்றாவது கார் வந்து சில வருஷம் போனபிறகு, ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார், "புதுக் காருக்குப் பதிஞ்சு வெச்சிருக்கறேன். இப்ப வருதே சின்ன வண்டி, அது. சாவியத் திருப்புனாப் போதும். இனிமே உனக்குக் கஷ்டமே இல்ல."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். சாவியில் கிளம்பும் வண்டி என்றால் யாரும் தள்ள வேண்டாம். யாரும் தள்ளாவிட்டால் நான் எதற்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும்? இடது பக்க ஜன்னலோரம்தான் இனி ஆயுசுக்கும். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டார். அன்றைக்கு அழுதேன். காருக்காக அழுகிறேன் என்று யாரிடம் சொல்ல முடியும்.

புது வண்டி வருவதற்குள் பழைய வண்டி நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் நின்றது. நானும் ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசியோ என்று ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

பொங்கல் கழிந்து கொள்ளு அறுவடை நேரம். எங்கள் பக்கத்தில் அப்போது காய்ந்த கொள்ளுச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற லாரியும் பஸ்ஸும் மிதித்து, காயை உடைத்துக் கொடுத்துவிடும். அன்று சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். திரும்பும் வழியில், ஊருக்கு வெளியே இருக்கும் மேட்டில் பாதி ஏறியதும் வண்டி நின்றுவிட்டது. மேட்டின் உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போனால் அந்தப் பக்கம் நல்ல இறக்கம். பாதி மேட்டிலிருந்து ஒற்றை ஆளால் தள்ள முடியாது. என் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அப்பாக்கள் நாலைந்து பேர் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தவர்கள், தோளில் இருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து கை கொடுத்தார்கள். அந்த ஊரில் வீட்டுப் பேச்சு தெலுங்கு. டீச்சரான என்னிடம் தமிழில் பேசுவார்கள், அவர்களுக்குள் தெலுங்கில்தான். அங்கே வேலை பார்த்துப் பார்த்து எனக்கு ஓரளவு வந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்களெல்லாம் தமிழிலேயே பேசுவதால் இவருக்கு ஒரு வார்த்தை தெரியாது.

அந்தக் காருக்கு ஹேண்ட் பிரேக் பிடிக்காது. கால் பிரேக்கும் பலமுறை மிதித்தால்தான் பிடிக்கும். அதனால் மேட்டில் நிறுத்தும்போது பின் சக்கரத்துக்குக் கீழே சொருக ஒரு மரத்துண்டு வைத்திருந்தோம். தச்சரிடம் சொல்லிப் புளியங்கட்டையில் சீவி வாங்கியது. அதை நாங்கள் ஆப்பு என்போம். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

நான் ஸ்டியரிங்கில். பின்னால் ஐந்தாறு பேர். வண்டி ஊர்ந்து ஊர்ந்து உச்சிக்குக் கிட்டே வந்துவிட்டது. அவருக்கு மூச்சு வாங்கியிருக்கும். கொஞ்சம் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இளைப்பாறிவிட்டுத் தள்ளலாம் என்று நினைத்திருக்கிறார்.

"ஆப்பு, ஆப்பு" என்று கத்தினார்.

தெலுங்கில் 'ஆப்பு' என்றால் நிறுத்து. தள்ளிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் மரியாதையாக நிறுத்திவிட்டு, கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

வண்டி பின்னால் போக ஆரம்பித்தது. கண்ணாடியில் அவர் ஒற்றை ஆளாக முதுகைக் கொடுத்து ஒரு கணம் தாங்கப் பார்த்ததும், பிறகு ஓரத்துப் பள்ளத்தில் தாவியதும் தெரிந்தது. பிரேக்கை மிதித்தேன். மெத்தையை மிதித்த மாதிரி உள்ளே போனது. கீழே ரோட்டில் கொள்ளு பரப்பியிருந்தது, அதன் ஓரத்தில் பெண்கள் இருந்தார்கள்.

யோசித்தேன் என்று சொன்னால் பொய். என் கைதான் யோசித்தது. கிளட்சை மிதித்து, குச்சியைத் தூக்கிப் பக்கத்தில் இழுத்து ரிவர்ஸில் போட்டு, காலை எடுத்தேன். பின்பக்கமாக உருளும் வண்டியைப் பின்பக்கக் கியரில் போட்டால் அதுவும் கிளம்பத்தானே வேண்டும். வண்டி முதுகில் அடிபட்டதுபோல் ஒருமுறை குதித்தது, கிளம்பியது, வேகம் குறைந்தது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தேன். கொள்ளுச் செடி மேல் நொறுநொறுவென்று ஏறியதும் கிளட்சை மிதித்தேன், கரகரவென்று நின்றது. என்ஜின் அணையவில்லை.

கொள்ளுத் தூசி வெயிலில் பொன்னாக மிதந்துகொண்டிருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன். ஓரத்தில் நின்ற ஒரு அம்மா கிட்டே வந்து, காருக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா மிதிபட்டிருக்குது டீச்சர். இன்னொருக்கா முன்னயும் பின்னயும் போய்ட்டு வாங்க" என்றார்.

முன்னால்தான் போனேன். முதல் கியரில், யாரும் தள்ளாமல், அந்த மேட்டை முழுசாக நானே ஏறினேன். உச்சியில் அவரை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இடது கணுக்கால் பிசகி வீங்கியிருந்தது. அவரோ காலைப் பார்க்காமல் பக்கத்திலிருந்தவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இப்படியா நடு மேட்டுல கைய எடுப்பீங்க?"

"நீங்கதான சார் ஆப்பு ஆப்புன்னீங்க. நிறுத்துன்னு சொன்னா நிறுத்தாம எப்படி சார்?"

நான் உள்ளேயிருந்தே விளக்கம் சொன்னேன். அந்த மனிதர் சிரிக்க ஆரம்பித்து, மற்றவர்களுக்குத் தெலுங்கில் சொல்ல, எல்லோரும் ரோட்டிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வலியும் வந்தது. நொண்டிக்கொண்டே வலது பக்கக் கதவுக்கு வந்தார். "தள்ளி..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டும். என்னைப் பார்த்தார். எனக்கு அவர் மேல் பாவமாகவும் இருந்தது, அந்தக் கால் மேல் நன்றியாகவும் இருந்தது. இரண்டையும் மறைக்காமல் அப்படியே அவரைப் பார்த்தேன். காரைச் சுற்றி மறுபக்கம் போய் ஏறிக்கொண்டார்.

மாரண்டஹள்ளியில் ஒரு டாக்டர் கட்டுப் போட்டு மாத்திரை கொடுத்தார். என்ஜினை அணைக்கப் பயந்து நான் இறங்கவே இல்லை, வாசலிலேயே ஓடவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பாலக்கோட்டு ரோடு. ஆரம்பத்தில் அவர் ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். லாரி வருது, ஓரம் கட்டு, கியர மாத்து. அவர் சொல்வதற்கு முன்பே நான் செய்துகொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் சொல்வதை விட்டுவிட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் மாத்திரை வேலை செய்தது. தலை ஜன்னலில் சாய, தூங்கிப்போனார். அவர் அந்தப் பக்கம் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

தக்காளிக் கூடை ஏற்றிய டெம்போ ஒன்று என்னைத் தாண்டிப் போனது. மேலே உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. புளியமரங்கள் வந்துகொண்டே இருந்தன, என் கைக்குக் கீழே வண்டி முனகிக்கொண்டே போனது. எனக்குப் பயமே இல்லை. இவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னால் இருந்தேனா என்று யோசித்தேன். கல்யாணத்தன்றுகூட இல்லை.

எங்கள் தெரு வந்தது. எலுமிச்சம்பழம் உருண்ட அதே தெரு. நான் திரும்பவில்லை. வேண்டுமென்றுதான் திரும்பவில்லை. தர்மபுரி ரோட்டில் நேராகப் போய்க்கொண்டிருந்தேன்.

ரொம்ப தூரம் போனபிறகு அவர் கண் விழித்தார். வெளியே பார்த்தார்.

"வூடு தாண்டிருச்சாட்டம் இருக்குதே."

"ஆமாங்க."

"எங்க போறோம்?"

"தெரியலைங்க."

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பு என்று அவர் சொன்னால் திருப்பிவிடுவேன் என்று எனக்குத் தெரியும். திருப்பிவிட்டால் அதற்குப் பிறகு அவர் மேல் பழையபடி பிரியம் வைக்க முடியாது என்றும் தெரியும். அவர் குனிந்து பெட்ரோல் முள்ளைப் பார்த்தார். அந்த முள் ஒருநாளும் உண்மை சொன்னதில்லை.

"கால் வலிக்குதுங்களா?"

"வலிக்குது" என்றார். இருக்கையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, கட்டுப் போட்ட காலை மெள்ள நீட்டினார். "பெட்ரோலு காலைலதான் போட்டேன். நீ போ."

அந்த வருஷக் கடைசியில் புது வண்டி வந்தது. டெலிவரி எடுக்க இரண்டு பேரும் போனோம். வெள்ளை நிறம், உள்ளே பிளாஸ்டிக் வாசனை, எங்கேயும் ஓட்டை கிடையாது. கடைக்காரர் மாலை போட்டு, பொட்டு வைத்து, தட்டில் சாவியை வைத்து அவரிடம் நீட்டினார். நான் வழக்கம்போல இடது பக்கக் கதவருகே நின்றிருந்தேன். சாமி கும்பிட்டுக்கொண்டேன், இந்தத் தடவை எதையும் கேட்கத் தோன்றவில்லை.

அவர் சாவியை எடுக்கவில்லை. சுற்றி வந்து நான் நின்றிருந்த கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்துகொண்டார்.

"டீச்சர்கிட்ட குடுங்க" என்றார் கடைக்காரரிடம். "ஓட்டறது அவங்க. நான் தள்றவன்."

கடைக்காரர் புது வண்டியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தட்டை என் பக்கம் திருப்பினார்.